ஏழாம் நம்பர் ஆகாரம்

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பெருமாட்டியிலிருந்து மீனாட்சிபுரம் வரை யார் யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்பார்கள். கேட்கப்பட்டவர் "ஆச்சுங்க" என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருக்கலாம், கண் இருட்டிக்கொண்டு வரலாம், ஆனாலும் "ஆச்சுங்க"தான். "இன்னும் இல்லீங்க" என்று சொன்னால் சோறு கேட்டதாக ஆகிவிடும். வாய்விட்டுச் சோறு கேட்டவன் குடும்பத்தில் எங்கள் பக்கம் பெண் கொடுக்க யோசிப்பார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் திருவனந்தபுரத்துச் சர்க்காருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் குப்பண்ணன் மூன்று வாரம் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க மாட்டார்.

குப்பண்ணன் பெருமாட்டியில் நாலு ஏக்கர் நிலக்கடலையும் ஒரு தென்னந்தோப்பும் வைத்திருந்தவர். 1974இல் அவருக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த வருஷம் ஆடியில் வயிறு கெட்டது. ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, நாலு மாதம். தினமும் பத்துத் தடவை செம்பைத் தூக்கிக்கொண்டு தோப்புக்கு ஓடினார். பிறகு ரத்தம் போக ஆரம்பித்தது. அறுபத்திரண்டு கிலோ ஆள் நாற்பத்து மூன்று கிலோ ஆனார். வேட்டி இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றைத் தேடிக்கொண்டு போயிற்று. சித்தூரில் ஒரு டாக்டர் பரிசோதித்துவிட்டு விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"குடல் அழற்சி. பெருங்குடல் உள்ளாற பூராப் புண்ணு. மாத்திரை தர்றேன், உடாமச் சாப்பிடோணும். ஆனா மாத்திரை மட்டும் பத்தாது. சக்கை இல்லாத சாப்பாடா, கொழைய வேகவெச்சு, கொஞ்சங் கொஞ்சமா அடிக்கடி உள்ள போகோணும். இன்னொரு அஞ்சு கிலோ எறங்குச்சுன்னா அப்பறம் எங்கையில இல்லீங்க."

அதோடு விட்டிருந்தால் நல்ல மனிதர். கூடவே ஒரு கடிதம் எழுதி, எலப்புள்ளிக்கு அப்பால் புதிதாகத் திறந்திருந்த குடல் ஆகார சிகிச்சைக் கேந்திரத்துக்கு அனுப்பிவைத்தார்.

கேந்திரம் நல்ல கட்டிடம். பன்னிரண்டு அறைகளில் ஆபீஸ், ஒரு அறையில் நோயாளிகள். சமையலுக்கென்று ஒரு பெரிய கூடம் கட்டியிருந்தார்கள். அதில் நீளமான மேடை இருந்ததால் கமிட்டிக் கூட்டம் நடத்த வசதியாக இருந்தது. ஆகவே கமிட்டி கூடத்துக்குள் போய், சமையல்காரர் காளிச்சாமி பின்னாலிருந்த தகரக் கொட்டகைக்கு வந்தார். வாசலில் மூன்று பாஷைகளில் ஒரு பலகை: வெளி உணவை உள்ளே கொண்டுவருவது குற்றம்.

டைரக்டர் டாக்டர் பரசுராமன் கல்பாத்திக்காரர். வெளிநாட்டில் எட்டு மாதம் ஆகார சாஸ்திரம் படித்தவர். குப்பண்ணனின் வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பேடிக்க வேண்டாம், பயம் ஒண்ணும் இல்லை. இங்கே மருந்தெல்லாம் ரெண்டாம் பட்சம். ஆகாரமாக்கும் சிகிச்சை. மொத்தம் ஏழு ஆகாரம் வகுத்திருக்கோம். ஒண்ணு முழு ஆகாரம், ரெண்டு அரை ஆகாரம், மூணு வெறும் பால், நாலு ரொட்டியும் பாலும், அஞ்சு சர்க்கரை வியாதிக்கு, ஆறு ஆபீசர்களுக்கு. ஏழு உம்மைப் போல ரோகிகளுக்கு மாத்திரம். சக்கை குறைஞ்ச ஆகாரம். இதை வகுக்கறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. மனசிலாச்சோ?"

"அதுல என்ன போடுவாங்கங்க?" என்று குப்பண்ணன் கேட்டார்.

"அது கமிட்டி விஷயம். உமக்கு எதுக்கு அந்தக் கவலை? நாப்பத்தெட்டு கிலோ ஆனதும் ஊருக்குப் போகலாம். அதுக்கு முந்தி யாரும் வெளியில போக நியமம் இல்லை. செத்துப்போறவாளுக்கு மாத்திரம் விலக்கு உண்டு."

குப்பண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். நாற்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டு. ஐந்து கிலோ. நிலக்கடலை பிடுங்குவதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு பதினொன்றாம் நம்பர் கட்டிலில் படுத்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சுடலை வந்தார். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்த சிப்பந்தி. வெள்ளை உடுப்பு, தோளில் துண்டு, கையில் மூடி போட்ட அலுமினியத் தட்டு. மூடியின்மேல் சிவப்பு மையில் ஏழு என்று எழுதியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் தட்டை வைத்து, இரண்டு கையாலும் மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றும் இல்லை.

குப்பண்ணன் தட்டைப் பார்த்தார், மூடியின் உட்புறத்தைப் பார்த்தார், சுடலையைப் பார்த்தார். சுடலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினைந்து நிமிஷம் ஆனதும் மூடியை மூடி, ஒரு நோட்டை நீட்டி, "ஒப்பு போடுங்க" என்றார். குப்பண்ணன் கையெழுத்துப் போட்டார். பெரிய இடத்து வைத்தியம் இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது, முதலில் தட்டைக் காட்டி வயிற்றைப் பழக்குவார்கள், சோறு அடுத்த வேளை வரும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த வேளையும் தட்டு வந்தது.

அதன் பின்னால் பத்திய ஆபீசர் ஆசீர்வாதம் வந்தார். கக்கத்தில் ரிஜிஸ்தர், காதில் பென்சில். அவர் பென்சில் முனையை ரிஜிஸ்தரில் ஊன்றிக்கொண்டுதான் கேள்வியே கேட்பார்.

"என்ன, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்க," என்றார் குப்பண்ணன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நாற்பத்திரண்டு வருஷப் பழக்கம். அதிலும் ஒரு ஆபீசர், மெனக்கெட்டுக் கட்டில்வரை வந்து விசாரிக்கிறார். அவரிடம் போய்ச் சோறு வரவில்லை என்று சொல்ல முடியுமா? ஆசீர்வாதம் தட்டை எட்டிப் பார்த்தார். துடைத்தது போல் இருந்தது. 'ஏழாம் நம்பர் ஆகாரம் முழுவதும் உட்கொண்டார். மிச்சம் இல்லை' என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

பத்தாம் நம்பர் கட்டிலில் சுருளிவேல் என்று ஒருவர் இருந்தார். தேவிகுளத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் தேயிலை ஃபேக்டரி ஆள். அவருக்கும் இதே வியாதிதான். ஆனால் எஸ்டேட் டிஸ்பென்சரிக் கடிதத்தில் யாரோ இரைப்பைப் புண் என்று எழுதிவிட்டதால், நாலாம் நம்பர் ஆகாரம் கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் அவர் குப்பண்ணன் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணாச்சி, ஒம்ம தட்டுல ஒண்ணுமே இல்லல்லா? நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கும் ஏழுதான் போட்டிருக்கணும். எழுதுனவன் தப்பா எழுதிட்டான், நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன். பாலக் குடிச்சா எனக்கு ஓட்டம் ஜாஸ்தியாயிருது, அதனால சன்னல் வழியாச் செடிக்கு ஊத்திருவேன். ரொட்டிய மட்டும் திங்கேன். இந்தாரும், பாதி ரொட்டி."

"வேண்டாமுங்க. ஆச்சுங்க," என்றார் குப்பண்ணன்.

"என்னவே ஆச்சு? வெறுந்தட்டுதான ஆச்சு?"

குப்பண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வயிறு ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டது.

தட்டு ஏன் வெறுமையாக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சமையல்காரர் காளிச்சாமி சத்தியமாக ஒரு குருணைகூடத் திருடவில்லை. ஏழாம் நம்பர் ஆகாரம் என்பது குழைய வேகவைத்துக் கடைந்த பச்சரிசிக் கஞ்சி என்று கமிட்டி ஏகமனதாக முடிவு செய்திருந்தது. அதற்குப் பிறகுதான் சிக்கல். கஞ்சி திடமா, திரவமா? திடம் என்றால் கிராம் கணக்கில் திடப்பொருள் ஆபீசர் ஒப்பு போட வேண்டும். திரவம் என்றால் மில்லி கணக்கில் திரவப்பொருள் ஆபீசர் ஒப்பு போட வேண்டும். இரண்டு பேருமே நேர்மையானவர்கள். அடுத்தவர் பொருளில் ஒப்பு போட மாட்டார்கள். இரண்டு வருஷத்தில் இது பற்றி முப்பத்தொரு கூட்டம் நடந்திருந்தது. தட்டுக்கு மட்டும் உடனே அனுமதி மஞ்சூராகிவிட்டது, ஏனென்றால் தட்டு திடம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நாலாம் நாள் கமிட்டியே வார்டுக்கு வந்தது. ஏழாம் நம்பரில் இருக்கும் ஒரே நோயாளி என்ற முறையில் குப்பண்ணனின் அபிப்பிராயம் தேவைப்பட்டது.

"உங்க வீட்டுல கஞ்சியத் திம்பீங்களா, குடிப்பீங்களா?" என்று திடப்பொருள் ஆபீசர் கேட்டார்.

குப்பண்ணனுக்குக் கஞ்சி என்ற சொல் காதில் விழுந்ததுமே எச்சில் ஊறிவிட்டது. விழுங்கிக்கொண்டு யோசித்துச் சொன்னார். "கரைச்சாக் குடிக்கறதுங்க. கரைக்காட்டித் திங்கறதுங்க."

இரண்டு ஆபீசர்களும் ஒரே சமயத்தில் "பாத்தீங்களா!" என்று டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் பரசுராமன் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "ரோகி தெளிவில்லாத நிலையில இருக்கார்னு எழுதிக்கோங்கோ. ஒரு கஞ்சிக்கு ரெண்டு பதில் சொல்றார்." முப்பத்திரண்டாவது கூட்டம் அத்துடன் முடிந்தது. ஆளுக்கொரு டீயும் உளுந்து வடையும் சாப்பிட்டார்கள். வடை திடம்.

அன்றைக்கு எடை பார்த்தபோது முள் நாற்பத்தொன்றில் நின்றது.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பார்வையாளர் நாள். குப்பண்ணனின் மனைவி மயிலாத்தாள் வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு தூக்குப் போசி இட்லியும் வாசலில் பிடிபட்டுப் போனதால் வெறுங்கையோடு உள்ளே வந்தார். புருஷனைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. எங்கள் பக்கத்துப் பெண்கள் "சாப்பிட்டாச்சா" என்ற கேள்வியை விருந்தாளியிடம்தான் கேட்பார்கள். வீட்டு ஆளிடம் உண்மை வேண்டுமென்றால் வேறு கேள்வி இருக்கிறது.

"ஏனுங்க, காத்தால என்ன கொழம்பு?"

குப்பண்ணன் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"கேக்கறனில்லீங்க. என்ன கொழம்பு?"

"கொழம்பு இல்ல புள்ள."

"செரி, சோறு?"

"தட்டு வந்துச்சு," என்றார் குப்பண்ணன். அதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அஞ்சு நாளாக ஆபீசரிடம் சொல்லாததைப் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டார்.

மயிலாத்தாள் கூப்பாடு போடவில்லை. அந்தக் காலத்தில் அரிசியை மாநில எல்லை தாண்டிக் கொண்டுவரத் தடை இருந்தது. மீனாட்சிபுரம் சோதனைச் சாவடியில் லாரியைத் தடுப்பார்கள், மாட்டு வண்டியைத் தடுப்பார்கள். ஆனால் எங்கள் பெண்கள் இடுப்பில் இரண்டு படி அரிசியைக் கட்டிக்கொண்டு, ஏழு மாசம் என்று சொல்லி, மாசத்துக்கு நாலு தடவை தாண்டுவார்கள். ஒரு வருஷம் முழுக்க ஏழு மாசமாகவே இருந்தவர் மயிலாத்தாள். அவருக்கு ஒரு கேந்திரத்து வாசல் எம்மாத்திரம்? எலப்புள்ளியில் அவருடைய அக்கா மருதாத்தாள் வீடு இருந்தது. நேராக அங்கே போனார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் ஒரு சிவப்பு ரப்பர்ப் பை இருந்தது. இடுப்புவலிக்கு வெந்நீர் ஊற்றி ஒத்தடம் கொடுக்கிற பை. வாசலில் தலைமை நர்ஸ் செபமாலையம்மாள் அதை வாங்கி அமுக்கிப் பார்த்தார். மலையிலிருந்து வந்த அம்மாள், முப்பது வருஷ சர்வீஸ்.

"என்ன தாயி இது? வெந்நீரு இப்படிக் கொழகொழன்னு இருக்கு?"

"நல்லாக் காஞ்சு இறுகிப்போச்சுங்க."

செபமாலையம்மாள் பையை மூக்கருகே கொண்டுபோனார். பச்சரிசியும் மோரும் சேர்ந்த வாசனை மூடியைத் தாண்டி லேசாக வந்தது. அந்த அம்மாள் பதினொன்றாம் நம்பர் கட்டிலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு நியமப் புத்தகத்தைப் புரட்டிச் சத்தமாகவே படித்தார். "வயித்துக்குள்ள போறதுக்குத்தான் தடை போட்டிருக்கு. வயித்து மேல வைக்கிறதுக்குத் தடை இல்ல. ஒத்தடத்தச் சூடு ஆறுறதுக்குள்ள குடு தாயி."

குப்பண்ணன் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டார். உள்ளே ஒருக்களித்துப் படுத்து, திருகு மூடியைத் திறந்து, பையை வயிற்றோடு அணைத்து அமுக்கினார். குருணையைக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, உப்புப் போட்டு, தெளிந்த மோர் விட்ட கஞ்சி. முதல் வாயில் பாதி ரப்பர் வாசம். இருந்தாலும் அவருடைய ஆயுசில் அதைப்போல் ஒன்றைச் சாப்பிட்டதில்லை. சுருளிவேல் காவலுக்கு உட்கார்ந்துகொண்டார். ஆசீர்வாதம் செருப்புச் சத்தம் கேட்டால் இருமுவது என்று ஏற்பாடு.

மறுநாளே மயிலாத்தாள் ஒத்தடத்துக்கு அனுமதி கேட்டு மூன்று பிரதி மனு போட்டார். மனுவில் ஆகாரம் என்ற சொல் இல்லாததால் அது கமிட்டிக்குப் போகாமல் அரை மணியில் மஞ்சூராகிவிட்டது. தினம் ஆறு வேளை ஒத்தடம். மருதாத்தாள் வீட்டு அடுப்பு அணையவே இல்லை.

சித்தூர் டாக்டர் மாத்திரை ஒரு பக்கம், மயிலாத்தாள் ஒத்தடம் ஒரு பக்கம். பத்துத் தடவை ஓடிக்கொண்டிருந்தவர் ஆறானார், நாலானார். ரத்தம் குறைந்து நின்றது. எடை நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலரை, நாற்பத்தாறு என்று ஏறியது. மூன்று வேளையும் வெறும் தட்டு வந்துகொண்டுதான் இருந்தது. குப்பண்ணனும் "ஆச்சுங்க" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இப்போது அது உண்மையாகவும் இருந்ததால் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

கேந்திரம் பரபரப்படைந்தது. ஏழாம் நம்பர் ஆகாரத்துக்கு இப்படி ஒரு சக்தி இருக்கும் என்று அதை வகுத்தவர்களே எதிர்பார்க்கவில்லை. விஞ்ஞான ரீதியாக நிரூபிக்க, தட்டைக் கொண்டுபோவதற்கு முன்னும் பின்னும் எடைபோட டாக்டர் உத்தரவு போட்டார். போகும்போது முந்நூற்றுப் பத்து கிராம், வரும்போது முந்நூற்றுப் பத்து கிராம். ஒரு தடவை மட்டும் வரும்போது முந்நூற்றுப் பதினொன்று இருந்தது. அதன்மேல் ஒரு ஈ உட்கார்ந்திருந்ததாக விசாரணையில் தெரிந்தது. ஈயின் எடையைக் கழித்துத் திருத்தினார்கள்.

திருவனந்தபுரத்துக்கு அறிக்கை போயிற்று. இருபத்திரண்டாம் நாள் ஆரோக்கியத் துறையின் பெரிய அதிகாரியே நேரில் வருவதாகத் தகவல் வந்தது. தோரணம் கட்டினார்கள், மைக் வைத்தார்கள். காளிச்சாமி இரண்டு நாளாக ஆறாம் நம்பர் ஆகாரம் சமைத்தார். மூன்று பாயசம் உட்பட.

அன்று காலை எடை பார்த்தபோது முள் நாற்பத்தெட்டில் போய் நின்றது. குப்பண்ணன் தராசிலிருந்து இறங்காமல் இரண்டு தடவை பார்த்தார். நிலக்கடலை பிடுங்க இன்னும் ஆறு நாள் இருந்தது. "அப்ப நான் ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்று கேட்டார்.

"விழா முடியட்டும்," என்றார் ஆசீர்வாதம்.

அவரை மேடையில் நடுநாயகமாக உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் மூடிய தட்டு, மூடிமேல் செவ்வந்தி மாலை. ஆசீர்வாதம் முதலில் பேசினார்.

"இருபத்தியோரு நாள்! அறுபத்துமூணு வேளை! ஒரு வேளைகூட ரோகி மிச்சம் வைக்கல. நான் தினமும் மூணு தடவ நேர்ல போய்க் கேட்டு எழுதியிருக்கேன். என் ரிஜிஸ்தர்ல இருக்கிறதுதான் உண்மை. சில ஆஸ்பத்திரிகள்ல ரிஜிஸ்தரை விட்டுட்டு ரோகியப் பார்க்கிறாங்க. அந்தத் தப்பு இங்க நடக்காது!"

கைதட்டினார்கள். பிறகு டாக்டர் பரசுராமன். "ஜனங்க நினைக்கறா, ஆகாரம்னா அடுப்பு, அரிசி, சமையல்னு. இல்லை. ஆகாரம்னா முதல்ல திட்டமாக்கும். திட்டம் சரியா இருந்தா மற்றதெல்லாம் அதுக்கப்புறம். நாங்க ரெண்டு வருஷம் ஆலோசிச்சது ஒரு பருக்கைகூட வீணாகலை!"

பெரிய அதிகாரியின் அம்மா கொழிஞ்சாம்பாறைக்காரர். அதனால் அவருக்கு எங்கள் பேச்சும் தெரியும், எங்கள் கேள்வியும் தெரியும். பேச்செல்லாம் கேட்டு முடித்துவிட்டு, குப்பண்ணன் பக்கம் திரும்பி, பிரியமாகக் கேட்டார்.

"ஏனுங்க குப்பண்ணன், தெனமும் என்ன கொழம்பு?"

ஆசீர்வாதம் அவசரமாகப் பக்கங்களைப் புரட்டினார். இந்தக் கேள்விக்கு ரிஜிஸ்தரில் கட்டம் இல்லை.

"கொழம்பு இல்லீங்க," என்றார் குப்பண்ணன்.

"ரசமுங்களா?"

"ரசமும் இல்லீங்க."

"சோறாவது?"

"சோறும் இல்லீங்க. தட்டுங்க."

அதிகாரி எழுந்து வந்து மாலையை விலக்கி மூடியைத் திறந்தார். தட்டு பளபளவென்று இருந்தது. அவர் முகம் அதில் தெரிந்தது. மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பினார். வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே மயங்கி விழுந்திருப்பார்கள். டாக்டர் பரசுராமன் வெளிநாட்டில் படித்தவர். ஒரு நிமிஷம்தான் யோசித்தார்.

"அதேதான் சார்!" என்று மைக்கைப் பிடித்தார். "உலகம் பூரா சக்கை குறைஞ்ச ஆகாரத்தைத் தேடறா. நாங்க சக்கையே இல்லாத ஆகாரத்தைக் கண்டுபிடிச்சிருக்கோம்! அரிசி வேண்டாம், விறகு வேண்டாம். ரோகி அஞ்சு கிலோ ஏறியிருக்கார். தராசு பொய் சொல்லுமோ? நாளையிலேருந்து கேந்திரம் பூரா ஏழாம் நம்பர்தான். பத்தாம் கட்டில்ல ஒருத்தருக்கு இதே சுகக்கேடு இருந்தும் தப்பா நாலாம் நம்பர் குடுத்திண்டிருக்கோம்னு நேத்திக்குக் கண்டுபிடிச்சோம். அவர்கிட்டேருந்து ஆரம்பிக்கறோம். குப்பண்ணனை நிரந்தரமா, மாதிரி ரோகியா இங்கேயே வச்சுக்கப் போறோம். எல்லா ஜில்லாவிலேருந்தும் வந்து பார்க்கட்டும்!"

அதிகாரி தாடையைத் தடவினார். அரிசி வேண்டாம், விறகு வேண்டாம் என்பது அவர் மனசில் எங்கேயோ பட்டுவிட்டது போலிருந்தது.

குப்பண்ணன் கீழே பார்த்தார். முதல் வரிசையில் சுருளிவேல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் காலை ரொட்டியில் ஒரு துண்டு இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் அவசரமாகத் திணித்துக்கொண்டிருந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் மயிலாத்தாள் ரப்பர்ப் பையோடு நின்றார். பகல் ஒத்தடத்துக்கு நேரமாகிவிட்டது.

"சபைக்குச் சொல்லும் குப்பண்ணன்," என்று டாக்டர் மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார். "இன்னிக்கு ஆகாரம் ஆச்சோ?"

குப்பண்ணன் எழுந்தார். வாய் திறந்ததும் "ஆ" என்று தானாக வந்துவிட்டது. அதன் பின்னால் "ச்சுங்க" வரிசையில் நின்றது. பெரிய மனிதர்கள் இத்தனை பேர் இருக்கிற சபையில், மைக்கில், பசிக்கிறது என்று சொல்வதா? அவர் குடும்பத்தில் யாரும் செய்யாத காரியம். சுருளிவேல் கீழேயிருந்து இருமினார். ஆசீர்வாதம் வரும்போது இருமுவாரே, அதே இருமல்.

"ஆ... ஆகலீங்க," என்றார் குப்பண்ணன். "இன்னிக்கும் ஆகலீங்க. இருவத்தோரு நாளாத் தட்டுல ஒண்ணுமே ஆகலீங்க. எனக்குப் பசிக்குதுங்க. அந்தப் பத்தாங் கட்டில்காரருக்கும் பசிக்குமுங்க. எங்களுக்குச் சோறு போடுங்க."

சொன்ன வெட்கத்தில் அவருக்குக் காது இரண்டும் சிவந்துபோயின. கூட்டத்திலிருந்த எங்கள் ஆட்கள் சிலர் கேட்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மயிலாத்தாள் குனியவில்லை. விறுவிறுவென்று மேடை ஏறினார். மாலையை எடுத்து ஓரமாக அக்கட்டால் போட்டார், திருகு மூடியைத் திறந்தார், பையைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு கையாலும் அமுக்கினார். ஏழாம் நம்பர்த் தட்டில் முதல்முதலாக ஒரு பொருள் விழுந்தது. வெள்ளைவெளேரென்று கஞ்சி. ஆவி பறந்தது.

"பாத்துக்கங்க, இதுதானுங்க ஏழாம் நம்பரு," என்றார் அதிகாரியிடம்.

பிறகு நடந்ததுதான் கேந்திரத்தின் சரித்திரத்தில் முக்கியமானது. குப்பண்ணனை யாரும் கவனிக்கவில்லை. திடப்பொருள் ஆபீசரும் திரவப்பொருள் ஆபீசரும் நாற்காலியை விட்டு எழுந்து தட்டுக்குமேல் குனிந்தார்கள். இரண்டு வருஷமாகப் பேசிவந்த பொருளை அவர்கள் கேந்திரத்துக்குள் கண்ணால் காண்பது அதுதான் முதல் தடவை.

"நடுவுல குவிஞ்சு கும்மாச்சி கட்டி நிக்குது பாருங்க, திடம்!"

"ஓரத்துல ஓடுது பாருங்க, திரவம்!"

"தட்டைச் சாய்ங்க!"

"சாய்ச்சா எதுவும்தான் ஓடும்! ஸ்பூனை நட்டுப் பாருங்க!"

டாக்டர் பரசுராமன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நடுவில் வந்தார். பெரிய அதிகாரியும் குனிந்தார். நாலு தலைகளும் முட்டிக்கொண்டன. ஸ்பூனுக்கு ஆள் போயிற்று. ஸ்பூன் திடப்பொருள் ஸ்டோரில் இருந்தது, அதற்குச் சாவி வேண்டியிருந்தது. சாவிக்கு ஆள் போயிற்று. அந்த இடைவெளியில் குப்பண்ணன் கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்து, உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார். கடைசியில் விரலால் வழித்தார். ஸ்பூன் வந்து சேர்ந்தபோது தட்டில் மறுபடி அதிகாரியின் முகம் தெரிந்தது.

'பரிசோதனைப் பொருளை ரோகி உட்கொண்டுவிட்டதால் தீர்மானம் ஒத்திவைக்கப்படுகிறது' என்று முப்பத்து மூன்றாவது கூட்டத்தின் குறிப்பில் இன்றைக்கும் இருக்கிறது. ஒத்திவைத்ததில் சுருளிவேலின் நம்பரை மாற்றும் விஷயமும் சேர்ந்து தள்ளிப்போயிற்று. கேந்திரத்தின் மாதிரிப் பொருளை அழித்த குற்றத்துக்காகக் குப்பண்ணனை அன்றைக்கே வெளியேற்றினார்கள். தண்டனை உத்தரவை டாக்டர் கண்டிப்பான குரலில் படித்தார். குப்பண்ணன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மயிலாத்தாள் ரப்பர்ப் பையைச் சுருளிவேலின் கட்டிலில் வைத்து, அக்கா மருதாத்தாள் தினமும் வந்து ஒத்தடம் கொடுப்பாள் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வாசலில் செபமாலையம்மாள் அவர்களைச் சோதனை போடாமல் விட்டார். சுருளிவேல் ஒரு மாதம் கழித்து ஐம்பது கிலோவோடு மலையேறினார் என்று கேள்வி.

நிலக்கடலை பிடுங்கும் நாளில் குப்பண்ணன் வரப்பில் நின்றார். குனிந்து பிடுங்கத் தெம்பில்லை, நின்று பார்த்தார். வியாதி முழுக்கப் போகவில்லை, அது அப்படிப் போகிற வியாதி இல்லை என்று சித்தூர் டாக்டர் சொல்லியிருக்கிறார். மாத்திரை உண்டு, குழைந்த சோறு உண்டு. பத்து நாள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பன் வீட்டுக்கு ஒரு காரியமாகப் போனார். நஞ்சப்பன் வழக்கம்போல், "வாங்க மாப்ள, சாப்பிட்டாச்சுங்களா?" என்றார்.

"ஆகலீங்க," என்றார் குப்பண்ணன். சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நஞ்சப்பன் வீட்டில் அன்றைக்கு மிச்சச் சோறு இல்லை. உலை வைத்து, வடித்து, மசித்துப் போட ஒரு மணி நேரம் ஆயிற்று. செய்தி சாயங்காலத்துக்குள் மீனாட்சிபுரம் வரை போய்விட்டது. ஆசுபத்திரிக்குப் போன இடத்தில் குப்பண்ணனுக்கு வெட்கத்துக்கான நரம்பை எடுத்துவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு எதிரில் அவர் வந்தால் ஊர் ஆட்கள் மழை வருமா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

மயிலாத்தாள் எதையும் கேட்பதில்லை. தட்டை வைத்து, சோற்றைப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்துகொள்கிறார்.